அரசிக்கு முன் உண்டவள்

வல்மோர் அரண்மனையில் அரசியின் உணவை அரசிக்கு முன்னே உண்டு பார்க்கும் பணி ஒதீலுக்கு வாய்த்தது நாவின் திறத்தால் அன்று, வயிற்றின் பலவீனத்தால். தோல் பதனிடுவோர் தெருவில் பிறந்த அவள், அத்தெருவின் காற்றையே தாங்கமாட்டாதவளாய் வளர்ந்தாள். ஒருநாள் பழையதான மீனை உண்டால் வாந்தி. புளித்த பாலை மோந்தால் குமட்டல். அடுத்த வீட்டில் கொழுப்பு காய்ச்சினால் இந்த வீட்டில் இவள் வாசற்படியில் குனிந்து நிற்பாள். "இவளுக்குக் கூழ் ஊத்துறதும் ஒண்ணுதான், ஆத்துல ஊத்துறதும் ஒண்ணுதான்" என்று தாய் சலித்துக்கொள்வாள். அப்பெண்ணைக் கட்டிக்கொள்ள ஒருவன் வருவான் என்றே தெருவில் எவரும் எண்ணவில்லை. அரண்மனை அவளைத் தேடி வரும் என்று எண்ணியிருக்க வழியே இல்லை.

ஆனால் வந்தது. வரவிருந்த அரசியின் அகத்துக்கு, அதாவது அவளுக்குரிய ஊழியர் அனைவருக்கும், தலைவராக நியமனம் பெற்றிருந்த திபோ துரை, கையில் தமது பதவியின் வெண்கோலோடு, மூக்கை மற்றொரு கையால் பொத்திக்கொண்டு அத்தெருவுக்குள் நுழைந்தார்.

"எம்மக நோஞ்சான் ஐயா" என்று தாய் கைபிசைந்தாள். "இவ தங்கச்சிய வேணா பாருங்க. கல்லைத் தின்னாலும் செரிச்சிருவா."

"கல்லைச் செரிக்கிறவ எனக்கு எதுக்கும்மா?" என்றார் திபோ. "அவ விஷத்தைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிடுவா. பின்னாடி அரசியம்மா சாப்பிட்டு உயிரை விடணுமா? எனக்கு வேண்டியது தொட்டாச் சிணுங்குற வயிறு. ஒம் மக வயிறு தங்கம்."

அதுவரை அவ்வயிற்றைப் பற்றி எவரும் நற்சொல் சொன்னதில்லை. ஒதீல் மகிழ்வதா அஞ்சுவதா என்று அறியாமல் அழுதாள். வாழ்நாளெல்லாம் அவளைத் தொடர்ந்த மயக்கம் அன்று தொடங்கியது எனலாம்.

அவள் பணியேற்ற பருவத்தில்தான் அரசி லெயனோரா மலைகளுக்கு அப்பாலிருந்து மணப்பெண்ணாய் வந்தாள். தென்னாட்டில் அவள் பிறந்த நகரத்துக் கோவிலில் மணம் முன்னமே முடிந்திருந்தது. மன்னர் அங்கே செல்லவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு கிழப்பிரபு சென்று, மன்னரின் பெயரால் மோதிரம் அணிவித்து, மன்னரின் பெயரால் 'சம்மதம்' உரைத்துத் திரும்பினார். பனியும் சேறும் கடந்து அவரோடே வந்த அப்பெண், அரண்மனை முற்றத்தில் வண்டியிலிருந்து இறங்கியதும், மோதிரம் அணிவித்த கிழவரின் முன்னே மண்டியிட்டாள். கிழவர் பதறிப்போய், "நான் இல்லம்மா, அதோ அவரு, அதோ அவரு" என்று விரல் நீட்ட, படிக்கட்டின் மேலே வேட்டை உடையில் நின்ற ஒருவர் சிரித்தார். பதினாறு வயது நிரம்பாத அரசி எழுந்து, மறுபடி மண்டியிட்டு, இம்முறை சரியான இடத்தில், தலைகவிழ்ந்திருந்தாள். சமையற்கட்டின் சாளரத்திலிருந்து அதைக் கண்ட ஒதீல், இந்த மாளிகைக்குள் மயங்கி நிற்பவள் தான் ஒருத்தி மட்டும் அல்லள் என்று ஆறுதல் கொண்டாள்.

அவர்கள் இருவரையும் பிணைத்தது ஒரு முறைமை. உணவுத்தட்டு வரும், ஒதீல் ஒரு துண்டைப் பிட்டு உண்பாள், குருவானவர் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்னும் பரலோக மந்திரத்தை மெல்லச் சொல்லி முடிப்பார், அந்த மந்திரம் முடியும்வரை அரசி கையை மடியில் வைத்து ஒதீலின் முகத்தையே நோக்கியிருப்பாள். முகம் வெளிறாவிடில், நுதலில் வியர்வை அரும்பாவிடில், அரசி உண்ணலாம். பின் அடுத்த தட்டு. மறுபடி அதே மந்திரம். அடுப்பில் ஆவி பறந்த உணவெல்லாம் அரசியின் வாயை அடையும்போது கல்லறைக் கல்போல் குளிர்ந்திருக்கும். அந்நாட்டின் எளிய விறகுவெட்டியும் சூடான வடிசாறு குடித்தான், அரசி குடித்ததில்லை. தன் கணவரின் முகத்தைக் காட்டிலும் ஒதீலின் முகத்தையே அவள் அதிகம் நோக்கியிருப்பாள் என்று சொன்னால் அது மிகையன்று. மன்னர் காட்டில் இருந்தார். காட்டில் இல்லாதபோது எல்லைப்போரில் இருந்தார். இரண்டிலும் இல்லாதபோது எங்கிருந்தார் என்று அரசியிடம் எவரும் சொல்லவில்லை.

அரசி இந்நாட்டுப் பேச்சைக் கற்றுத் துணிவு கொண்டபோது, ஒவ்வொரு வேளையும் பந்தியின் முடிவில் ஒதீலைக் கேட்பாள்: "இன்னும் இருக்கியா?"

"இருக்கேன் அரசியம்மா."

"அப்ப நானும் இருக்கேன்."

அதற்கு மேல் அவர்களிடையே பேச்சு இல்லை; முறைமை இடந்தரவில்லை. அந்தச் சிறு சொல்லாட்டத்தின்மேல் இருபது ஆண்டுகள் சென்றன. அரசிக்கு மூன்று தொட்டில்கள் செய்யப்பட்டன. அம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் வெறுமையாகி மேல்மாடிக்கு ஏற்றப்பட்டன. மூன்றாவது தொட்டில் படியேறிய அன்றும் அரசி பந்திக்கு வந்தாள், வரவேண்டும், அரசி உண்டாள் என்பது ஊருக்குத் தெரியவேண்டும். அன்று அவள் கேட்கவில்லை. ஒதீல் தானாகவே, உதட்டளவில், "இருக்கேன்" என்றாள். அரசி தலையசைத்தாள்.

இதற்கிடையே ஒதீலுக்கும் மணமாயிற்று. அரண்மனை நிலவறையில் திராட்சைமது வைக்கும் மர மிடாக்களுக்கு இரும்பு வளையம் கட்டும் ரெமி அவளை விரும்பி மணந்தான். வாய்த்துடுக்கு மிகுந்தவன். "ஊர்ல எல்லாரும் நல்லா சமைக்கிறவளப் பாத்துக் கட்டுவான். நான் சோத்துக்காகச் சாகத் துணிஞ்சவளக் கட்டியிருக்கேன். எங் கை வடிசாறு குடிச்சா இவ சாகத்தான் போறா. அதுக்கு அரசியோட பந்தியில செத்தா மரியாதையாச்சும் மிஞ்சும்" என்பான். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வான்.

பிறகு அந்தத் தவக்காலம் வந்தது.

இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கப்பட்ட நாள்கள். அரசிக்குக் காய்ச்சல் கண்டு, ஒன்றும் இறங்காமல், பாதாம்பருப்பை அரைத்துப் பிழிந்த பாலை மட்டும் பருகிவந்தாள். இறுதி மாலையில் அப்பாலில் வயலட் பூவின் பாகு கலந்து வைத்தியர் அம்ப்ருவாஸ் படுக்கையண்டை கொண்டுவந்தார். ஒதீலும் அங்கே நின்றாள், திபோவும் நின்றார். அரசி பருகினாள். விடியுமுன் உயிர் நீத்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அடக்கத்துக்கான மணி ஒலிக்குமுன்பே 'விஷம்' என்ற சொல் ஒலித்துவிட்டது. பிள்ளையற்ற அரசி; புதிய மணப்பெண்ணை மன்னர் தேடுவதாக முன்னமே ஒரு பேச்சு; அதற்குமேல் ஊருக்கு என்ன வேண்டும்? நகர நீதிபதி வந்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: அந்தக் கிண்ணத்தை யார் சுவைத்தது?

"பாதாம் பால் ஒணவு" என்றார் வைத்தியர். "சமையற்கட்டுல அரைச்சது, சமையற்கட்டுல பிழிஞ்சது. ஒணவைச் சோதிக்கிறது இந்தப் பொம்பள வேல. எனக்கு என்ன?"

"பாகு கலந்தப்பவே அது மருந்தாயிடுச்சே வைத்தியரே" என்றார் திபோ. "மருந்தைச் சோதிக்கிறது வைத்தியன் வேல. பந்திக்காரங்க அதைத் தொடவே கூடாதுன்னு நீங்கதானே போன வருஷம் சண்ட போட்டீங்க?"

"அது கசாயத்துக்கு! இது பாலு!"

"பால்ல பாகு ஊத்துனது யாரு? எங்க பாட்டனா?"

நீதிபதி அவ்விருவரையும் விட்டு ஒதீலிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. குடிச்சியா, இல்லையா?"

ஒதீல் வாய் திறந்தாள். அவள் மறைக்க எண்ணவில்லை, உண்மையிலேயே அறியவில்லை. இருபது ஆண்டுகளில் அவள் சுவைத்த கிண்ணங்கள் ஆற்றில் விழுந்த மழைத்துளிகள். எந்தத் துளி எந்த மாலையில் விழுந்தது என்று ஆறு சொல்லுமா? அக்கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டியதாய் ஒரு நினைவு. நாவில் ஓர் இனிப்பு. அது அந்த மாலையின் இனிப்பா, அதற்கு முந்தைய மாலையின் இனிப்பா, அன்றி ஊர் கேட்கக் கேட்க நெஞ்சு தானே சமைத்துக்கொண்ட இனிப்பா?

"குடிச்சேன்னு நெனைக்கிறேன் ஐயா... இல்ல... கைய நீட்டினேன். தெரியல ஐயா."

"தெரியலயா? ஒன் வேலயே அது ஒண்ணுதானே!"

இதில் கொடுமை என்னவென்றால், எந்த விடையும் அவளைக் காவாது. குடித்தேன் என்றால், ஏன் நீ மட்டும் சாகவில்லை, மாற்று மருந்து எவன் தந்தான் என்பார். குடிக்கவில்லை என்றால், ஏன் குடிக்கவில்லை, குடிக்காதிருக்க எவன் சொன்னான் என்பார். இரண்டு வாசலும் ஒரே கயிற்றுக்குத்தான் வழிகாட்டின. நீதிபதி தமது காவலரை நோக்கித் தலையசைத்தார்.

அப்போது திபோ வெண்கோலைக் குறுக்கே நீட்டினார்.

"பொறுங்க. அரசியோட பந்தி ஊழியரு மேல அரசிக்கு மட்டுந்தான் அதிகாரம். நகர நீதிக்கு இல்ல."

"அரசிதான் இறந்துட்டாங்களே, துரை."

"அடக்கம் ஆகலயே? அடக்கம் ஆகுற வரைக்கும் அரசி அரசிதான். பந்தி உண்டு, பணியாளு உண்டு. கல்லற வாசல்ல நான் இந்தக் கோல முறிக்கிற நிமிஷம் எல்லாம் கலையும். அப்ப வந்து கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் இவ மேல கைவச்சா நீங்க அரசி மேல கைவச்ச மாதிரி."

திபோ அதை அவள்மீது கொண்ட இரக்கத்தால் சொன்னாரா, தமது கோலின் மீது கொண்ட பற்றால் சொன்னாரா என்பதை ஒதீல் கடைசிவரை அறியவில்லை. நீதிபதி காவலரைப் பின்வாங்கச் சொன்னார். முறைமை அப்படித்தான் இருந்தது. ஆயினும் பாகுச் சாடியை மெழுகு முத்திரையிட்டு அரண்மனை மருந்தாளரின் பெட்டியில் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, ஒதீலின் உயிர் ஒரு கோலின் நீளத்துக்கு நீண்டது.

அந்நாட்டின் வழக்கப்படி, அரசியின் உடல் ஈயப்பெட்டியுள் வைக்கப்பட, அவள் உருவாய் ஒரு மெழுகுப்பாவை செய்து, அரச உடை உடுத்தி, முடிசூட்டி, கறுப்புத் துணி போர்த்திய கூடத்தில் மஞ்சத்தின்மேல் அமர்த்தினார்கள். அடக்கம்வரை அப்பாவைதான் அரசி. அவளுக்கு வேளைதோறும் பந்தி நடந்தது. நீர் ஏந்தினார்கள், கைதுடைக்கத் துண்டு நீட்டினார்கள், மீனை முள்ளெடுத்துப் பங்கிட்டார்கள், ஒதீல் முதல் துண்டை உண்டாள், குருவானவர் பரலோக மந்திரம் சொன்னார். பின் அத்தட்டு பாவையின் முன்னே சிறிது நேரம் நின்று, வாயிலில் காத்திருந்த ஏழைகளுக்குப் போயிற்று.

முதல்நாள் குருவானவரே தடுமாறினார். உண்போருக்குரிய ஆசீர் சொல்வதா, மரித்தோருக்குரிய செபம் சொல்வதா? ஒன்றைத் தொடங்கி மற்றதில் முடித்தார். மறுநாள் முதல் இரண்டையும் சொன்னார்.

ஒதீலின் தடுமாற்றத்துக்கோ எல்லை இல்லை. பாவையின் கன்னத்துக்கு ஓவியன் சிவப்பை வாரி இறைத்திருந்தான். அரசி உயிரோடிருந்த நாளில் அத்தனை நலமாய் ஒருபோதும் இருந்ததில்லை. அக்கண்ணாடிக் கண்கள் ஒதீலின் முகத்தை நோக்கியிருந்தன. இறந்தவளுக்கு எவர் நஞ்சூட்டுவார்? அப்படியிருக்க இந்தத் துண்டை எதற்காக உண்கிறேன்? ஆனால் உண்ணாவிட்டால் நான் பந்திக்காரி அல்லள். பந்திக்காரி அல்லளேல் கயிறு. எனவே உண்டாள். பந்தியின் முடிவில், கேட்க ஆளில்லாத அந்த இடத்தில், "இருக்கேன் அரசியம்மா" என்று தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வரி அரசிக்கு உரியது. அது வரவில்லை.

ஒருநாள் ஆவி பறக்கும் பட்டாணிக் குழம்பின் வெப்பத்தில் பாவையின் மோவாய் சற்றே இளகிச் சரிந்தது. கூடத்தில் அலறல். அன்றிலிருந்து எல்லா உணவையும் ஆறவைத்தே கொணர ஆணை பிறந்தது. இறந்தபின்னும் அந்த அம்மையாருக்குச் சூடான உணவு எழுதவில்லை.

"வாசல்ல பிச்சக்காரனுங்க என்ன பேசிக்கிறானுங்க தெரியுமா?" என்றான் ரெமி, வீட்டில். "அரசி உயிரோட இருந்தப்ப மிச்சம்தான் வந்துச்சாம். இப்ப முழுசா வருதாம். ராசாவும் இப்படி மெழுகாயிட்டா நல்லதுங்கிறானுங்க."

"வாய மூடுய்யா. காதுல விழுந்தா ஒனக்கும் சேத்துக் கயிறு திரிப்பாங்க."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "ஒதீல், ஓடிப் போயிடலாமா? மலைக்கு அந்தப் பக்கம்..."

"ஓடினா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும்."

"நீ செஞ்சியா?"

"செய்யல."

"குடிச்சியா?"

அவள் அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். அவன் மறுபடி கேட்காமல், வளையம் கட்டும் சுத்தியலை எடுத்து, கட்ட மிடா ஏதும் இல்லாத வீட்டில், அதைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவளைப் பெரிதும் வருத்தியது செபம். அரசியின் ஆன்மா விரைவில் இளைப்பாறுதல் அடைய வேண்டும் என்று மாதாவிடம் மன்றாட முழந்தாளிடுவாள். உடல் மண்ணடைந்தால் அன்றோ இளைப்பாறுதல்? மண்ணடைந்தால் கோல் முறியும். கோல் முறிந்தால் தன் கழுத்து. அரசிக்காக வேண்டினால் தனக்கு எதிராய் வேண்டியதாகிறது. தனக்காக வேண்டினால் அரசியை மெழுகோடு கட்டிவைக்கும்படி வேண்டியதாகிறது. இருபது ஆண்டுகள் தன் முகம்பார்த்து உயிர்வாழ்ந்தவளுக்குச் செய்யும் நன்றியா இது? செபமாலை விரல்களுள் நின்ற இடத்திலேயே நிற்கும். "தாயே, எதையாவது செய், எனக்குக் கேட்கத் தெரியவில்லை" என்று எழுந்துவிடுவாள்.

கல்லறைக்குக் கல் வந்து சேர்ந்தது. நாள் குறித்தார்கள்.

அடக்கத்தன்று காலையில் இறுதிப் பந்தி. அதற்கும் ஒரு முறைமை உண்டு: இறந்தவர் இறுதியாய் எதை உட்கொண்டாரோ அதையே, எவ்வாறு உட்கொண்டாரோ அவ்வாறே, இறுதியாய்ப் படைக்க வேண்டும். அது வல்மோரில் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் அதன் பொருள் என்ன என்பது, முத்திரையிட்ட சாடியை மருந்தாளர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நாட்டில் வேறு வயலட் பாகு இல்லை. அந்த ஆண்டு பனி விலகாமல் புதுப் பூவும் பூக்கவில்லை. நீதிபதி தாமே முத்திரையை உடைக்க வந்திருந்தார். அவருடைய காவலர் இருவர் கூடத்தின் வாயிலில் நின்றனர்.

அன்று அரசி பருகியவாறே, பாதாம் பால் ஆவி பறக்க வந்தது. பாகு கலந்தது. கிண்ணம் ஒதீலின் பக்கம் நகர்ந்தது.

வைத்தியர் எழுந்துவிட்டார். "அவ தொடக் கூடாது! அது மருந்து!"

திபோ மெல்லத் திரும்பினார். "அன்னைக்கு ஒணவுன்னீங்க?"

"அன்னைக்கு... அன்னைக்கு நான் கொழப்பத்துல சொன்னேன்."

"செத்தவங்களுக்கு என்னய்யா மருந்து? இன்னைக்கு இது ஒணவு. ஒதீல், எடும்மா."

அவள் எடுத்தாள். கிண்ணத்தின் சூடு விரலில் ஏறியது. குருவானவர் மந்திரத்தைத் தொடங்க ஆயத்தமாய் உதடு குவித்திருந்தார். ஒதீல் பாவையின் கண்களை ஒருமுறை நோக்கி, பருகினாள்.

நாவைச் சுட்டது. சூட்டின் பின்னே இனிப்பு. இனிப்பின் பின்னே, மழைபெய்த தோட்டத்தின் மணம் ஒன்று மூக்கின் உட்புறமாய் எழுந்தது. அக்கணமே ஒதீல் அறிந்தாள்: இதை நான் இதற்குமுன் சுவைத்ததில்லை. இந்தச் சூட்டை என் நா அறியாது; இந்த மணத்தை என் மூக்கு அறியாது. அந்த மாலை நான் குடிக்கவில்லை.

உடனே மற்றொன்றும் வந்தது. தான் கைநீட்டியதும், அரசி கிண்ணத்தைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டதும், மெலிந்த குரலில் சொன்னதும்: "வேணாம் ஒதீல். ஆறிப்போயிடும்."

அது நினைவா? அன்றி, குற்றத்தைத் தாங்கமாட்டாத நெஞ்சு அவசரமாய் நெய்து போர்த்திக்கொண்ட துணியா? பிரித்தறிய இடமில்லை. அவள் வயிறு, அவளை அரண்மனைக்குக் கொணர்ந்த அந்தத் தங்க வயிறு, புரண்டது. கறுப்புத் துணியைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். உட்சென்றது அனைத்தும் வெளிவந்தது.

கூடம் கொந்தளித்தது.

"விஷம்! விஷம்!" என்று ஒரு குரல்.

"அவ வயிறே அப்படித்தான்யா!" என்று வாயிற்பக்கமிருந்து ரெமி கத்தினான். "வீட்டுல நான் முட்டை பொரிச்சாலும் இப்படித்தான்!"

"இந்த வயித்தப் பாத்துத்தானே வேலைக்கே எடுத்தீங்க?" என்று வைத்தியர் திபோவின்மேல் பாய்ந்தார். "இத வச்சு எப்படித் தீர்ப்பு சொல்றது?"

"இந்த வயித்த வச்சுத்தான் இருபது வருஷமா அரசியம்மா சாப்பிட்டாங்க. இப்ப மட்டும் நம்பக் கூடாதா?"

நீதிபதியின் பார்வை இப்போது ஒதீலிடம் இல்லை. மெல்ல நகர்ந்து வைத்தியரிடம் நின்றது. காவலரும் அப்பார்வையைத் தொடர்ந்து ஓரடி எடுத்து வைத்தனர். அம்ப்ருவாஸின் முகம் சாயம் பூசாத மெழுகாய் வெளிறியது. அம்முகத்தைக் கண்ட ஒதீலுக்கு ஒன்று விளங்கியது: இவருக்கும் தெரியாது. சாடியில் இருப்பது என்ன என்று இத்தனை நாளும் இவரும் உறங்காமல் கிடந்திருக்கிறார்.

"தாங்க இங்க" என்றார் வைத்தியர். கிண்ணத்தைப் பிடுங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு துளி விடாமல், குழந்தை கசாயம் குடிப்பதுபோல் குடித்து முடித்தார்.

குருவானவர் பரலோக மந்திரம் சொன்னார். முடிந்ததும் மறுபடி சொன்னார். எத்தனைமுறை என்ற கணக்கை அவர் இழந்தபின், புனிதர்களின் மன்றாட்டு மாலையைத் தொடங்கி, அதிலும் பாதியில் பெயர்கள் மறந்து, தொடங்கிய புனிதரிடமே திரும்பி வந்தார். கூடத்தில் இருந்தோர் அனைவரும் வைத்தியரின் முகத்தை நோக்கியிருந்தனர். அவரும் தம் கைகளைத் திருப்பித் திருப்பி நோக்கியிருந்தார், அவை இன்னும் தம்முடையவைதாமா என்பதுபோல. வெளியே மணி ஒலித்தது. வைத்தியர் இருந்தார்.

"காய்ச்சல்தான்" என்றார் கரகரத்த குரலில். "அவங்க காய்ச்சல்லதான் போனாங்க. நான் அப்பவே சொன்னேன்." அப்போதே அவர் அப்படிச் சொன்னதாய் எவருக்கும் நினைவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறையின் வாயிலில் திபோ வெண்கோலை முழங்காலில் வைத்து முறித்து, இரு துண்டுகளையும் உள்ளே எறிந்து, அரசியின் அகம் கலைந்தது என்று மும்முறை கூவினார். ஒதீல் கண்களை மூடிக்கொண்டாள். தோளில் ஒரு கை விழும் என்று காத்திருந்தாள். விழுந்தது, ரெமியின் கை. நீதிபதி முன்னமே குதிரையேறிப் போயிருந்தார். நஞ்சு இல்லை என்றானபின், சுவைத்தவள் யார் என்ற கேள்வி எவருக்கும் தேவைப்படவில்லை. அக்கேள்விக்கு விடை கிடைத்த நாளும் அதுவே.

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் புதிய மணப்பெண் வருகிறாள் என்று செய்தி வந்தது. திபோ புதிய கோலோடு ஒதீலை அழைத்தார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள். "அன்னைக்கு நான் குடிக்கல."

திபோ சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரும்மா ஒன்ன இப்பக் கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் சொல்றேன். நாக்குக்குத் தெரிஞ்சிடுச்சு. அரசியம்மா வேணாம்னாங்க, ஆறிடும்னாங்க... அப்படித்தான் நெனைக்கிறேன். நெசமா சொன்னாங்களா, நானா கட்டிக்கிட்டேனான்னு தெரியல. நீங்களும் அங்க நின்னீங்களே ஐயா, சொன்னாங்களா?"

திபோ மீண்டும் ஒருமுறை வாயிலை எட்டிப் பார்த்தார். "நான் கிண்ணத்தப் பாக்கலம்மா" என்றார் பின்பு. "அது மருந்தா ஒணவான்னு அந்த ஆளோட மொறச்சுக்கிட்டு நின்னேன்." கோலைத் தரையில் ஊன்றி, "மறுபடி ஆரம்பிக்காத. ஒனக்கு வேல வேணுமா வேணாமா?" என்றார்.

"வேணும் ஐயா. ஆனா ஒரு நிபந்தன. இனிமே மருந்து, ஒணவு, தண்ணி, எதுன்னாலும் சரி, அவங்க ஒதட்டத் தாண்டுறது எதுவும் எங்கிட்ட வராமப் போகக் கூடாது. அவங்களே வேணாம்னாலும்."

"எதுன்னாலுமா?"

"எதுன்னாலும்."

"சரி" என்றார் திபோ, எழுந்தவாறே. 'எதுன்னாலும்' என்ற சொல்லின் அகலத்தை அவர் அளந்து பார்க்கவில்லை. ஒதீலும் அளக்கவில்லை.

புதிய அரசி வடக்கிலிருந்து வந்தாள்; வெளிறிய மயிரும் கடித்த நகங்களும் உடைய சிறு பெண். ஒதீலின் முகத்தை நோக்கவேண்டும், மந்திரம் முடியும்வரை காக்கவேண்டும் என்பதை முதல் நாளிலேயே கற்பித்துவிட்டார்கள். அதை மிகுந்த அச்சத்தோடு, ஒன்றும் பிசகாமல் செய்தாள். வந்த வாரத்தின் ஞாயிறன்று, நகரம் முழுதும் காண, பெரிய கோவிலில் திருப்பலிக்குச் சென்றாள். ஆண்டவரின் உடலாகவே வழங்கப்படும் அப்பமான நற்கருணையை வாங்கும் வேளையில் அரசி எழுந்து பீடத்தின் முன்னே முழந்தாளிட்டாள். குருவானவர் அப்பத்தை விரல்நுனியில் ஏந்தி அவளை நோக்கிக் குனிந்தார்.

அவளுக்குப் பின்னே நின்ற ஒதீலின் உள்ளம் சிதறியது. இது உணவன்று, ஆண்டவர். இதைச் சோதிப்பதா? எண்ணவும் பாவம். ஆனால் உதட்டைத் தாண்டும் எதுவும் என்று சொன்னவள் நானன்றோ? ஒருமுறை சுவைக்காமல் விட்டேன். கால்கள் அவளைக் கேளாமலே நடந்தன. அரசியின் பக்கத்தில், அரசிக்கு ஓர் அங்குலம் முன்னதாக முழந்தாளிட்டு, கண்மூடி, வாயைத் திறந்தாள்.

குருவானவரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் அரசியைப் பார்த்தார், ஒதீலைப் பார்த்தார், கையிலிருந்த அப்பத்தைப் பார்த்தார். பின், தவக்காலமெல்லாம் ஒரு மெழுகுப்பாவைக்கு ஆசீரும் மரித்தோர் செபமும் ஒருசேரச் சொன்ன அதே மனிதர், பெருமூச்சோடு அப்பத்தை ஒதீலின் நாவில் வைத்தார்.

அடுத்த அப்பத்தை எடுத்து அரசியிடம் நீட்டினார். அரசி வாய் திறக்கவில்லை. கற்பித்தபடியே, கைகளை மடக்கிக்கொண்டு, ஒதீலின் முகத்தை உற்று நோக்கியவாறு, ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் காத்திருந்தாள்.